நெசவாளிக்குக் கொழுப்பா?

கொழுப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் உடம்பு சார்ந்த பொருள் ஒன்று, குணம் சார்ந்த பொருள் ஒன்று. வாய்க்கொழுப்பு, பணக்கொழுப்பு, தின்ற கொழுப்பு என்று நாம் அடுக்கும் வசைகளில் எல்லாம் ஒரே கணக்குதான் இருக்கிறது: வேலை செய்யாமல் நிறையச் சாப்பிடுகிறவனிடம் சேர்வது கொழுப்பு, உழைக்கிறவனை அது அண்டாது. ஆர்.கே.பேட்டையிலும் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு ஊர்களிலும் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சோற்றோடு சேர்ந்தே ஊட்டப்பட்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போன்ற உடம்புக்குள் கொழுப்பு எங்கிருந்து வரும்? அரிசி மண்டிக்காரருக்கு வரலாம், வட்டிக்கு விடுகிறவருக்கு வரலாம், நெசவாளிக்கு வருமா? 'பிபி இருக்கா, சுகர் இருக்கா' என்று திண்ணையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்ட ஊர், 'எல்டிஎல் எவ்வளவு' என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. இரத்தக் கொழுப்பைக் காட்டும் அந்த எண் மற்றவர்களுடையது என்று ஒதுக்கி வைத்தாகிவிட்டது. இந்த ஒதுக்கலுக்கு ஆதாரம் நம் நினைவு மட்டுமே; இரத்தத்தில் ஆதாரம் இல்லை. அந்த நினைவு எங்கே நம்மைத் தவறாக வழிநடத்துகிறது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உழைப்பைப் பற்றிய நினைவு. நெசவு என்றதும் எங்கள் பக்கத்தில் மனசில் எழும் படம் குழித்தறி. இரண்டு காலும் மிதியில், ஒரு கை அச்சுப்பலகையில், ஒரு கை நாடாவுக்கான கயிற்றில்; தெருவில் நீளமாகப் பாவை விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்க விடியலிலேயே எழுந்து ஓடும் ஓட்டம். அது உடம்பு முழுவதையும் கேட்கிற வேலை. ஆனால் இன்று இந்த வட்டாரத்தின் சோறு பெரும்பாலும் விசைத்தறியில்தான். மிதிப்பதும் அடிப்பதும் மோட்டாரின் வேலை. மனிதருக்கு மிச்சமிருப்பது நிற்பது, அறுந்த இழையைக் கண்டு முடிபோடுவது, தார் தீர்ந்தால் மாற்றுவது, நாலு தறிக்கும் நடுவில் பார்வையை ஓட்டிக்கொண்டிருப்பது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இதைச் செய்தால் கால் கனக்கும், முதுகு போகும், காது மந்தமாகும். களைப்பு உண்மையான களைப்புதான். ஆனால் மூச்சு வாங்கும்படி நெஞ்சைப் பழக்கும் உழைப்பு அதில் மிகக் குறைவு. பிள்ளைகள் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி என்று கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். அங்கேயும் லைனில் நிற்பது, இரவு ஷிப்ட், போக வர பல மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்த தூக்கம். வேலை மாறிவிட்டது, வேலையைப் பற்றிய பெருமிதம் மட்டும் குழித்தறிக் காலத்திலேயே நிற்கிறது.

சரி, குழித்தறியே இன்றும் இருந்தால்? அப்போதும் இந்தக் கணக்கு தப்புதான் என்பதுதான் விஷயத்தின் மையம். நாம் ஓடியாடி எரிப்பது சர்க்கரையையும் ட்ரைகிளிசரைடு என்ற எரிபொருள் கொழுப்பையும். கொலஸ்ட்ரால் எரிபொருளே அல்ல. அதன் கட்டமைப்பைச் சிதைத்துச் சக்தியாக்கும் வழி மனித உடம்பில் இல்லை. தசை எவ்வளவு கேட்டாலும் அது விறகாகாது. உடம்பை விட்டு அது வெளியேற முக்கியமான வழி கல்லீரல், அங்கிருந்து பித்தநீர், அங்கிருந்து குடல். ஆகவே வியர்வைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எல்டிஎல் என்பது கொலஸ்ட்ராலை ஏற்றிக்கொண்டு இரத்தத்தில் திரியும் நுண்ணிய உருண்டை. நூல் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகத் தறிக்கூடங்களுக்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். தேவையான வீட்டில் தேவையானதை இறக்கியபின், மிச்சத்தோடு வண்டி கிடங்குக்குத் திரும்பவேண்டும். கிடங்கு கல்லீரல். அதன் சுவரில் எல்டிஎல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் கதவுகள் இருக்கின்றன. 1970களில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு மருத்துவர்கள் இந்தக் கதவுகளைக் கண்டறிந்தார்கள்; 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவருடைய எல்டிஎல் எவ்வளவு என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கதவுகள் எத்தனை, எவ்வளவு வேகமாகத் திறக்கின்றன என்பதே. கதவு குறைந்தால் வண்டிகள் தெருவிலேயே நாள்கணக்கில் சுற்றும். சுற்றுகிற வண்டி சந்து பொந்தில் முட்டும். எல்டிஎல் இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து அங்கே சிக்கிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய வரும் வெள்ளை அணுக்கள் தின்று தின்று நுரைபோல உப்பி அங்கேயே மடியும். அந்தக் குப்பைமேடுதான் அடைப்பின் விதை. அதன் மேல்தோல் ஒருநாள் கிழிந்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு. ஒல்லியாக இருப்பவருக்குக் கதவுகள் அதிகம் என்று எந்த விதியும் இல்லை.

உழைப்பு இதயத்தைக் காக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. லண்டன் இரண்டடுக்கு பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் 1953இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட நாள்முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்டார். நடையும் படியேற்றமும் இரத்த அழுத்தத்தை, சர்க்கரையை, ட்ரைகிளிசரைடைக் குறைக்கும். இதயத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் எல்டிஎல்லை உடற்பயிற்சி கொஞ்சமே அசைக்கும். உழைப்பு ஒன்றே போதும் என்பதற்கு எதிர்ச்சாட்சி பின்லாந்தின் கிழக்குப் பகுதி. ஏழு நாடுகளில் ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆன்செல் கீஸின் ஆய்வில் இதய நோய் மிக அதிகமாக இருந்தது கிழக்குப் பின்லாந்தில். அங்கிருந்தவர்கள் யார்? பனிக்காட்டில் கோடாலி பிடித்து மரம் வெட்டியவர்கள், நிலத்தில் உழைத்த விவசாயிகள். உடல் உழைப்பில் அவர்களுக்கு இணை சொல்ல ஆளில்லை. வெண்ணெயும் ஆடை எடுக்காத பாலும் அவர்கள் தட்டில் நிரம்பி வழிந்தன. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் உச்சத்தில் இருந்தது. கோடாலி அவர்களைக் காப்பாற்றவில்லை. 1972இல் அந்த நாட்டின் வடக்குக் கரேலியா மாவட்டத்தில் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு முயற்சி தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், புகைபிடிப்பதை நிறுத்துவது, இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை என்று ஊர் ஊராகப் போனார்கள். சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடம் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த வீழ்ச்சியில் மிகப்பெரிய பங்கு கொலஸ்ட்ரால் குறைந்ததற்கு. மரம் வெட்டியவர்களைக் கொன்றது சோம்பல் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அடுத்து வரும் எதிர்வாதம்தான் மிகவும் வலுவாக மனசைப் பிடிக்கிறது. அதுவும் நினைவிலிருந்தே வருகிறது. எங்கள் தாத்தா நெய்யும் கறியுமாகச் சாப்பிட்டுத் தொண்ணூறு வயது இருந்தார், அவர் எந்த டெஸ்ட் எடுத்தார் என்று கேட்காத குடும்பம் கிடையாது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்தத் தாத்தாக்கள் பொய்யல்ல. ஆனால் நினைவு ஒரு சல்லடை. தொண்ணூறு வரை இருந்தவர் திண்ணையில் உட்கார்ந்து நான்கு தலைமுறைக்குக் காட்சி தந்தார். அவர் தட்டு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நாற்பத்தெட்டில் போனவர் புகைப்படமாகிவிட்டார். அவர் எப்படிப் போனார் என்று கேட்டால் 'வாயு அடைச்சுக்கிச்சு', 'நல்லாத்தான் இருந்தார், சோடா குடிச்சார், சாய்ஞ்சுட்டார்' என்ற சொற்கள் வரும். அந்த வாயு எத்தனை வீடுகளில் மாரடைப்பாக இருந்திருக்கும் என்பதை இப்போது யாரும் எண்ண முடியாது. மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிச் சட்டம் எழுதினால் சட்டம் மிஞ்சியவர்களுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்! இன்னொன்று: அந்தத் தாத்தாவின் நெய் மாதத்துக்கு ஒரு முறை, கறி திருவிழாவுக்கு. அன்றாடம் கேழ்வரகுக் களி, கூழ், கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. எண்ணெய் கையளவு. நாம் நினைவில் வைத்திருப்பது அவருடைய விசேஷ நாளை. நாம் வாழ்வது அந்த விசேஷ நாளைத் தினமும்.

உடம்புக்குக் கொலஸ்ட்ரால் தேவையாயிற்றே என்பதும் உண்மைதான். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது, ஹார்மோன்கள் அதிலிருந்து உருவாகின்றன. ஆனால் செல்கள் தமக்கு வேண்டியதைத் தாமே தயாரித்துக்கொள்ளும். பிறந்த குழந்தையின் எல்டிஎல் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 30 முதல் 40 மில்லிகிராம் வரையில்தான் இருக்கிறது. மூளை அசுர வேகத்தில் வளரும் காலம் அது. 160 என்ற எண்ணைத் தேவை என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது.

எல்டிஎல் விஷயத்தில் பலரும் தவறவிடுவது காலம். ஒரு நாள் எண் எவ்வளவு என்பதைவிட எத்தனை ஆண்டு அந்த எண்ணோடு வாழ்ந்தோம் என்பதே குழாய்க்குத் தெரியும் கணக்கு. வட்டிக்கு வட்டி சேர்வது எப்படி என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இதுவும் அப்படித்தான். 2006இல் அமெரிக்காவில் ஜொனாதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணாடிபோலக் காட்டியது. பிசிஎஸ்கே9 என்று ஒரு புரதம் கல்லீரலின் கதவுகளை உடைத்துப் போடும் வேலையைச் செய்கிறது. சிலருக்கு மரபிலேயே அந்தப் புரதம் முழுமையாக வேலை செய்வதில்லை. அவர்களுக்குக் கதவுகள் அதிகம். அந்த ஆய்வில் அப்படிப் பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்தது. இதய நோயோ 88 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் இருந்தது, புகைப்பழக்கம் இருந்தது. எண்ணில் கொஞ்சம் குறைவு, ஆனால் பிறந்த நாள் முதல் குறைவு, பலன் பிரம்மாண்டம். இதைத் திருப்பிப் போட்டால்தான் நம் கதை. 52 நாடுகளில் சலீம் யூசுஃப் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்றவர்களுக்கு 59 என்றும் தெரிந்தது. ஆறு ஆண்டு முந்தி. தறிக்காரர் வீட்டில் 53 என்றால் மகள் கல்யாணக் கடன் அடையாத வயது, மகன் முதல் சம்பளம் வாங்கும் வயது. அந்த வயதில் தெரியும் நோய்க்கு இருபதுகளிலேயே முன்பணம் கட்டியாகிவிட்டது. இருபதுகளில் ஒரு வலியும் இருக்காது, கிறுகிறுப்பு இருக்காது, மூச்சு வாங்காது. உடம்பு சொல்லும் என்று காத்திருப்பவருக்கு உடம்பு கடைசி நாளில்தான் சொல்கிறது.

உணவுக்கு வருகிறேன், ஏனென்றால் ஊர் மாறியது அங்கேதான் அதிகம். தறிக்கூடத்து வேலையின் தாளமே டீதான். ஒரு நாளைக்கு நாலைந்து டீ, கூடவே போண்டாவோ வடையோ பப்ஸோ, இரவில் பரோட்டா சால்னா. வேர்க்கடலை விளையும் மண் இது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் ஒரு காலத்தில் சமையலின் மணம். 2007இல் தமிழக அரசு சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்போடு பாமாயில் பாக்கெட்டையும் ரேஷனில் தரத் தொடங்கியது. லிட்டர் 25 ரூபாய் என்ற விலையில் அது ஏழை வீட்டு அடுப்பைக் காப்பாற்றியது என்பதை மறுக்கிறவன் அல்ல நான். பருப்பும் எண்ணெயும் வாங்க முடிவது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் எல்டிஎல் கணக்கில் எண்ணெய்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது. கல்லீரலின் கதவுகளைக் குறைப்பது நிறைவுற்ற கொழுப்பு. பாமாயிலில் அது 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் 20க்குள். நல்லெண்ணெயில் 15 அளவு. சூரியகாந்தியில் அதற்கும் கீழே. நெய்யில் 60க்கு மேல். தேங்காய் எண்ணெயில் 90ஐ ஒட்டி. பாக்கெட்டின் மேல் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதில் பொருளே இல்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்கவேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் பேக்கரி பப்ஸில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு அதனால் போய்விடாது.

ரேஷன் எண்ணெயை மாற்றினால் இரத்தம் மாறுமா என்பதற்கு நம் உறவுக்காரர்கள் வாழும் மொரீஷியஸ் தீவே சாட்சி. அங்கும் அரசு விநியோகிக்கும் மலிவு எண்ணெயில் பாமாயில் பெரும்பகுதியாக இருந்தது. 1987இல் அந்த அரசு அதன் கலவையைச் சோயா எண்ணெய் பக்கம் திருப்பியது. ஐந்தே ஆண்டில் மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 30 மில்லிகிராம் இறங்கியது. எல்லாமே எண்ணெயால் என்று சொல்லமாட்டேன், மற்ற முயற்சிகளும் நடந்தன. ஆனால் அதில் நல்ல பங்கு எண்ணெயுடையது. யாரையும் டாக்டரிடம் அனுப்பாமல், யாருடைய மன உறுதியையும் சோதிக்காமல், கடையில் ஊற்றுவதை மாற்றியே ஒரு தேசத்தின் எண்ணில் அந்தப் பங்கை இறக்கினார்கள். இங்கே விவசாயிகள் பாமாயிலுக்குப் பதில் ரேஷனில் உள்நாட்டு எண்ணெய் கொடுங்கள் என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஒரு திருத்தத்தோடு: கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வரட்டும். தேங்காய் விவசாயியின் கஷ்டம் உண்மையானது, அதற்கு வேறு வழி காணவேண்டும். ஆனால் தினச் சமையலில் தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது என்பது பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம். எந்த எண்ணெயானாலும் அளவு வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். முட்டையைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குத் தட்டிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே எல்டிஎல்லை அதிகம் ஏற்றும். பூண்டும் வெந்தயமும் கொள்ளும் எதிரிகளல்ல. வெந்தயத்திலும் பயறுகளிலும் இருக்கும் கரையும் நார் குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். ஈடுகட்ட, கல்லீரல் இரத்தத்திலிருந்து கொஞ்சம் கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் குறைவு ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். 190 இருப்பவருக்கு வெந்தயத் தண்ணீரை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது பெரும் தவறு.

அந்த இடத்தில்தான் மாத்திரை வருகிறது; மாத்திரையோடு பயமும் வருகிறது. 1970களில் ஜப்பானின் சாங்க்யோ கம்பெனியில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, அரிசியில் கண்ட ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும். தனக்குத் தட்டுப்பாடு வந்ததென்று கல்லீரல் கதவுகளைப் பெருக்கி இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும். இது மருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட கதை என்பவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்ட பாதிப் பேரிடம் எல்லாவகை மரணமும் சேர்த்தே 30 சதவீதம் குறைந்தது. மரணத்தைக் கதையாகக் கட்ட முடியாது. அதன்பின் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, எல்டிஎல் 39 மில்லிகிராம் இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதாகத் தெரிந்தது. இரண்டாவது, அடோர்வாஸ்டாட்டின் காப்புரிமை அமெரிக்காவிலேயே 2011இல் முடிந்துவிட்டது. இன்று அது நாலு கம்பெனி நாற்பது பெயரில் போடும் மலிவு மாத்திரை. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் பொதுப்பெயரில் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதில் கொள்ளை லாபம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டென்ட் வைக்கும் செலவு எவ்வளவு என்பதைக் காப்பீட்டு அட்டையோடு அலைந்தவர்கள் அறிவார்கள்.

கை கால் வலி வருமாமே என்பது அடுத்த பயம். நின்றே வேலை செய்பவருக்கு ஏற்கெனவே வலி உண்டு. அதனால் இதைக் கனிவோடு அணுகவேண்டும். லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு 2020இல் வெளிவந்தது. வலியால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. வலி நிஜம், காரணம் பெரும்பாலும் வேறு. உண்மையாகவே தசை பாதிக்கப்படுபவர் சிலர் உண்டு. அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெடிமைப் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. சர்க்கரை வரும் என்பதிலும் உண்மை இருக்கிறது: 255 பேர் நான்கு ஆண்டு சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று 2010இல் ஒரு தொகுப்பு ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பலர் ஏற்கெனவே எல்லையில் நின்றவர்கள். அதே காலத்தில் தடுக்கப்படும் இதயப் பாதிப்புகள் அதைவிடப் பல மடங்கு. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பமாக இருப்பவரும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவரும் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரைக்கு முன் தைராய்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்தால் இதுவும் இறங்கும்.

எண்ணைப் பற்றி ஒரு குழப்பம். லேப் காகிதத்தில் அச்சிட்ட 'நார்மல்' எல்லோருக்கும் ஒன்றல்ல. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஆபத்து குறைந்தவருக்கு 100க்குள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவருக்கு 70க்குள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55க்குள். 110 என்ற ஒரே காகிதம் ஒருவருக்கு ஏறக்குறையத் திருப்தி, அவர் பக்கத்துத் தறிக்காரருக்கு அபாயம். முதல் பரிசோதனையை 18 வயதில் செய்யவேண்டும் என்றும், பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு வெறும் வயிற்றோடு திருத்தணியிலோ சோளிங்கரிலோ காத்திருக்க வேண்டும் என்ற தடை இதனால் குறைகிறது.

நம் மாநிலம் இந்த விஷயத்தில் பாதி வழி வந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்வேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வாசலுக்கே வந்து பிபி பார்க்கிறது, சுகர் பார்க்கிறது, மாத்திரை கொடுக்கிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அடோர்வாஸ்டாட்டின் எட்டு. அந்த எட்டைப் பாருங்கள். குழாய் அடைத்த அன்று ஒரே வாயில் எட்டு ஸ்டாட்டின் கொடுக்கும் ஏற்பாடு ஊர்வரை வந்துவிட்டது. அடைப்பதற்கு இருபது ஆண்டு முன்பு எல்டிஎல் எவ்வளவு என்று பார்க்கும் ஏற்பாடு வாசல்வரை இன்னும் வரவில்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு எல்டிஎல் அதிகம் என்று தெரிந்தது. வீடு தேடி வரும் தன்னார்வலரின் பையில் அந்தப் பரிசோதனையும் இருக்கவேண்டும். கம்பெனியில் வேலை செய்து 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையாவது உண்டு, வீட்டோடு நாலு தறி ஓட்டுகிறவர் பத்துப் பேர் வேலை செய்யும் இடம் என்ற வரம்புக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுதான்; அதனால் அங்கேதான் இதைக் கேட்கவேண்டும்.

கடைசியாக உறவு. பிறவியிலேயே கதவுகள் பாதியாகக் குறைந்து பிறப்பவர்கள் உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவர். அவர்களுக்கு எல்டிஎல் பெரும்பாலும் 190ஐத் தாண்டும். குதிகால் தசைநார் தடித்திருக்கலாம், இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியலாம், பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. உடம்பு இளைத்தோ பருத்தோ இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இருக்கும் நம் வீடுகளில், கணவன் மனைவி இருவருக்குமே இந்தக் குறை இருந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்கு அது இரட்டிப்பாக இறங்கும். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே இதயம் பாதிக்கப்படலாம். ஆகவே ஒரு வீட்டில் ஐம்பத்தைந்துக்குள் ஒரு ஆண், அறுபத்தைந்துக்குள் ஒரு பெண் மாரடைப்பால் போயிருந்தால், அந்தச் சாவு வாயுப் பிடிப்பு என்றே இன்றும் சொல்லப்பட்டாலும், காரியம் முடிந்த கையோடு கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் இரத்தம் கொடுத்து எல்டிஎல் பார்த்துவிடவேண்டும். எல்லோருக்கும் கடைசியில் கேட்கப்படுபவன் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இருபது வயதுப் பையன், உடம்பில் ஒரு பிடி சதை இல்லாதவன். அவனைத்தான் முதலில் கூட்டிப் போகவேண்டும்.